ஜெயசீலி உறங்கிய ஞாயிறு

சாரோனுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். 1997ஆம் வருடம், ஐப்பசி மாதம். ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எழுந்ததுமே தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அம்மா ஜெயசீலி அரசாங்கத்தில் கிராம நர்ஸ். கோவில்பட்டியில் வீடு. இடைசெவலைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்கள் அவள் பொறுப்பு. பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்தாள். நூறுக்குக் கொஞ்சம் மேலே. அந்த வாரம் அவள் போன ஊர்களிலெல்லாம் வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படித்தான் படுத்துக் கிடந்தது. அரை மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, கஞ்சியும் புகட்டினாள்.

"எம்மா, இன்னைக்கு ஒரு நாள் லீவு போடேன்."

"சாயங்காலம் சீக்கிரமா வந்துருவேன் சாரோ. பாண்டி அத்தை பாத்துக்கிடுவாவ. எந்திரிச்சி மழையில போகக் கூடாது, என்ன?"

சாரோன் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வந்து பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்ததும் ஜெயசீலி கிளம்பினாள். அவள் கணவன் ஞானதுரை பஞ்சாலையில் ஃபிட்டர். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே போயிருந்தான்.

அன்றைக்கு ஒரே ஒரு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு ஆள் ஓடி வந்தான். மேற்கே மூன்று மைல் உள்ளே இருக்கிற ஊரில் முத்துத்தாய் என்கிற பெண்ணுக்கு இடுப்புவலி. புருஷன் தவசி ஆடுகளைப் பத்திக்கொண்டு நாகலாபுரம் பக்கம் கிடைபோடப் போயிருக்கிறான். பாதையெல்லாம் கரிசல் களி. ஜெயசீலி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையின் தலை மேலே இருந்தது. கால் முந்தி வருகிற பிரசவம். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஓடையில் தண்ணீர் இடுப்பளவு போகிறது, எந்த வண்டியும் வராது என்றார்கள்.

மணி பன்னிரண்டு இருக்கும். கை கழுவ வெளியே வந்தபோது சாரோனின் நினைப்பு வந்தது. மறு மாத்திரை கொடுக்கிற நேரம். பாண்டியம்மாளுக்கு அதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று நினைத்தாள். அதற்குள் உள்ளே இருந்து முத்துத்தாய் அலறினாள். ஜெயசீலி போனதும் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, என்னை விட்டுட்டுப் போயிராதீங்க. உங்க கால்ல விழுதேன். போயிராதீங்க."

"எங்கயும் போகலைட்டி. இங்கனதான இருக்கேன்."

நாலு மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். நீலம் பாரித்து, அழாமல், துணிச்சுருள் மாதிரி கிடந்தது. ஜெயசீலி வாயில் இருந்த சளியை எடுத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். அசைவில்லை. அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி மெதுவாக ஊதினாள். ஊதி ஊதி நிமிர்ந்தபோதெல்லாம், "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் கொடுத்திரும், இதைக் கொடுத்திரும்" என்று முணுமுணுத்தாள். எத்தனை தரம் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை ஒருதரம் விக்கியது. பிறகு அழுதது. முத்துத்தாயும் அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் ஜெயசீலியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவள் சந்தோஷமாகத்தான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பினாள். அதை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தன்னைத்தானே வெறுத்தாள். அந்த மூன்று மைலும் களியில் கால் புதையப் புதைய ஞானப்பாட்டு ஒன்றை வாய்க்குள் பாடிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

மெயின் ரோட்டில் ஞானதுரையோடு வேலை பார்க்கிற கடற்கரை என்கிறவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இவளைக் கண்டதும் அவன் முகம் போன போக்கே சரியில்லை.

"அக்கா, பிள்ளைக்கு மத்தியானம் வெட்டு வந்து கையும் காலும் இழுத்துட்டு. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில பாத்துட்டு, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாவ. அண்ணன் கூடப் போயிருக்காவ. நீங்க இப்படியே பஸ் ஏறுங்க."

கால் முழுக்கக் கரிசல் அப்பியிருக்க, அப்படியே பஸ் ஏறினாள்.

சாரோன் மூன்று நாள் கிடந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அந்த மூன்று நாளும் ஜெயசீலி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலில் இருந்தாள். வியாழக்கிழமை சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். இந்தப் பிள்ளையைக் கொடுத்திரும். இதைக் கொடுத்திரும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாரோன் போய்விட்டாள்.

"காலையிலேயே கொண்டாந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். நல்ல மனிதர். ஆனால் ஜெயசீலி எத்தனையோ தாய்மாரிடம் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கோவில்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். குழிக்குள் ஊறிய தண்ணீரைச் சட்டியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். ஈரக்கரிசல் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. ஆட்கள் அதைக் கையால் வழித்து வழித்துப் போட்டார்கள். ஜெயசீலியையும் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டாள். கையை விரித்த பிறகும் மண் விழவில்லை. ஞானதுரைதான் அவள் கையைப் பிடித்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பாண்டியம்மாள் சொல்லிச் சொல்லி அழுதாள். "எம்மா வந்துட்டாளா அத்தைன்னு ரெண்டு தரம் கேட்டா பிள்ளை. இந்தா வந்துருவான்னு சொன்னேன். மூணாம் தரம் கேக்கவே இல்லையே." அவள் கள்ளங்கபடம் இல்லாதவள். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சபையிலிருந்து பெண்கள் வந்து ஜெபித்தார்கள். ஒருத்தி ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்குப் பூப் பறிச்சிட்டார்" என்றாள்.

"அவருக்கு அங்கன பூவே இல்லையாக்கா?" என்று ஜெயசீலி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அக்கா வீட்டுப்பக்கம் வரவில்லை.

பதினைந்து நாளில் ஜெயசீலி வேலைக்குத் திரும்பினாள். முன்பு ஏழெட்டு ஊர் பார்த்தவள் இப்போது லீவில் போகிற நர்சுகளின் ஊர்களையும் சேர்த்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். முகாம் இல்லாத ஞாயிறுகளில் வீட்டிலுள்ள பாத்திரங்களையெல்லாம் இறக்கிப்போட்டு விளக்கினாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். சபைக் கோவிலுக்குப் போவதில்லை. வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுபோனது. உறக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் யாரோ மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். நர்சுக்குத் தெரிந்த மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தாள். எதற்கும் உறக்கம் வரவில்லை.

ஒரே ஒரு ஊருக்கு மட்டும் அவள் போகவில்லை.

முத்துத்தாயின் பிள்ளைக்கு ஒன்றரை மாதத்தில் முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இரண்டரை மாதத்தில் அடுத்தது. அந்த ஊர் முறை வரும்போதெல்லாம் ஜெயசீலி வேறு ஊருக்குப் போனாள். அவளுடைய பதிவேட்டில் எந்தப் பிள்ளைக்கும் நேராக வெறும் கட்டம் இருந்ததில்லை. இந்த ஒரு பிள்ளைக்கு நேரே எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது வேகமாகத் திருப்புவாள்.

தை மாதம் போலியோ சொட்டு மருந்து முகாமில் தப்ப முடியவில்லை. அந்த ஊர்ப் பால்வாடியில்தான் அவளைப் போட்டிருந்தார்கள். வரிசையில் முத்துத்தாய் நின்றாள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்து, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"நர்சம்மா, எத்தனை நாளாத் தேடுதேன். ஏன் எங்க பக்கம் வாரதில்ல? இந்தாங்க, பிள்ளையை ஒருக்கத் தூக்குங்க. நீங்க கொடுத்த உசிரு."

ஜெயசீலி பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தாடையை அழுத்தி இரண்டு சொட்டு விட்டாள். சுண்டுவிரலில் மை வைத்தாள்.

"அடுத்த ஆள் வாங்க" என்றாள்.

முத்துத்தாய் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு நகர்ந்தாள். சுவரோரம் போய் நின்று அழுதாள். பால்வாடி டீச்சர் அமுதவள்ளிக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், "உனக்குத் தெரியாதா? உன் பிள்ளை பொறந்த அன்னைக்குத்தான் அவிய பிள்ளை..." என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகாம் எதுவும் இல்லை. ஞானதுரை கோவிலுக்குப் போகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியில் இருந்த ஜெயசீலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"ஒவ்வொரு வாரமும் போறீங்களே. போயி அவர்கிட்ட என்ன சொல்லுதீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரே வாரத்துல ரெண்டு பிள்ளைக்குக் கேட்டேன். ஒரே வார்த்தைதான், மாத்திக்கூடக் கேக்கல. ஊரான் பிள்ளையைக் கொடுத்துட்டார். எம்பிள்ளையை எடுத்துட்டார். அவருக்கு என் குரல் தெரியாதா? எந்தப் பிள்ளை என் பிள்ளைன்னு தெரியாதா?"

"தெரியலட்டி" என்றான் ஞானதுரை.

"பெறகு எப்படி ஜெபிக்கீங்க?"

"ஜெபிக்கேன்னு யாரு சொன்னா?" அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "முழங்கால் போடுதேன். ஒண்ணும் வரமாட்டேங்கு. சாரோ, சாரோன்னு அவ பேரைச் சொல்லுதேன். அவ்வளவுதான். சுத்தி எல்லாரும் ஜெபிக்காவ, பாடுதாவ. எனக்கு வாய் வராத அன்னைக்கு அவிய பாடட்டும்னு இருந்துட்டு வாரேன். அங்கன இருக்கும்போது மட்டும் மூச்சு விட முடியுது. வீட்டுல முடியலை."

நாலு மாதமாக அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவனுக்கும்தானே பிள்ளை போயிற்று என்பது, ஏதோ புதுச் செய்தி மாதிரி அவளுக்கு உறைத்தது.

"நீ ஜெபிக்க வேண்டாம்" என்றான் அவன். "பாட வேண்டாம். ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்து உக்காந்திரு. எனக்காக வா."

அவனுக்காகத்தான் போனாள். பெண்கள் பக்கம், கடைசியில், சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. சாரோனோடு ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவள் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். வாசலில் ஒரு பெண் நின்றாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கினாள். இடுப்பில் பிள்ளை. முத்துத்தாய். முதலில் ஜெயசீலியின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பாண்டியம்மாள் கோவிலுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஜெயசீலியைக் கண்டதும் குனிந்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெயசீலி எழுந்துபோகப் பார்த்தாள்.

"நர்சம்மா" முத்துத்தாய் கிசுகிசுத்தாள். "பால்வாடி டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, பிள்ளையைப் போய்ப் பாருங்கன்னு உங்களை அனுப்பியிருப்பேன். அதைச் சொல்லிட்டுப் போவோம்னுதான் பஸ் ஏறினேன்."

பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"ஆனா பஸ்ல வரும்போது யோசிச்சுப் பார்த்தேன். அனுப்பியிருக்க மாட்டேன் நர்சம்மா. சாமி முன்னால பொய் சொல்லக் கூடாது. தெரிஞ்சிருந்தாலும் உங்க கையை விட்டிருக்க மாட்டேன். எனக்கு என் பிள்ளைதான் பெருசா இருந்திருக்கும். என்னை நீங்க ஏசுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அந்த நாலு மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் உள்ளே இறங்கியதில்லை. இது இறங்கியது. ஜெயசீலியின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை. வாயைச் சேலையால் பொத்தியும் அடங்கவில்லை. சபை முழுக்கத் திரும்பியது.

சபைக் குருவானவரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். வயதானவர். பிரசங்கத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. "ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று மட்டும் சொன்னார். ஆர்மோனியம் தொடங்கியது. சபை மெல்லிய குரலில், அவசரமே இல்லாமல், ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கியது. ஜெயசீலி அந்தச் சத்தத்துக்குள் இருந்துகொண்டு அழுதாள். அவள் குரல் எழும்பும்போது அவர்கள் குரலும் கொஞ்சம் எழும்பியது. அவளைத் தனியாக அழ விடக் கூடாது என்று முடிவு பண்ணினவர்கள் மாதிரி இருந்தது.

முத்துத்தாயும் அழுதுகொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்து பிள்ளை நழுவப் பார்த்தது. ஜெயசீலியின் கை தானாகப் போய் அதைப் பிடித்தது. பிடித்த கையை எடுக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துவிட்டு, இரண்டு தரம் பெருமூச்சு விட்டு, உறங்கிப்போனது. அந்த மூச்சின் சூடு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. இனிமேல் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று மட்டும் நினைத்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

ஆசீர்வாதம் முடிந்து சபை எழுந்தபோது ஜெயசீலி உறங்கிக்கொண்டிருந்தாள். மணியடிக்கப் போன ஆளை ஐயர் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் கூட்டிப்போனார்கள். பூ என்று சொல்லி மனசைப் புண்படுத்திய அக்கா, ஒரு போர்வையை எடுத்து வந்து இவள் காலில் போர்த்திவிட்டுப் போனாள். ஞானதுரை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். முத்துத்தாய் பால் கொடுக்க ஒரு தரம் எடுத்ததோடு சரி, பிள்ளையைத் திரும்ப அதே தோளில் சாய்த்துவிட்டாள். அவள் மூன்று மணி பஸ்ஸையும் விட்டுவிட்டாள்.

ஜெயசீலி கண் விழித்தபோது மேற்குச் சன்னல் வழியாக வெயில் பாய் வரைக்கும் வந்திருந்தது. ஒரு நொடி ஒன்றும் நினைவில்லை. சாரோன் வெளியே விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்பது மாதிரி லேசாக இருந்தது. அடுத்த நொடி எல்லாம் திரும்ப வந்தது. சாரோன் இல்லை. அது அப்படியேதான் இருந்தது. ஒரு துளி குறையவில்லை. ஆனால் அதைத் தாங்குகிற உடம்பு கொஞ்சம் வேறாக இருந்தது. நாலு மாதத்தில் முதல்தடவையாக அவளுக்குப் பசித்தது.

தோளில் இருந்த பிள்ளை அவள் சேலையை நனைத்திருந்தது. அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள்.

"இவனுக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"மாரிராஜ்."

"ஒரு ஊசிகூடப் போடலையே முத்துத்தாய். தப்பு என் பேர்ல. புதன்கிழமை நானே வாரேன். காய்ச்சல் வந்தா..." சொல்ல வந்ததை அவளால் முடிக்க முடியவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லி முடித்தாள். "ஊசி போட்டா அன்னைக்குக் காய்ச்சல் வரும். பயப்படக் கூடாது. மறுநாளும் விடலைன்னா எந்நேரம்னாலும் என்னைக் கூப்பிட்டு விடு."

புதன்கிழமை போனாள். ஊசி போட்டாள். மாரிராஜ் வீடு அதிர அழுதான். பதிவேட்டில் முதல் கட்டத்தை நிரப்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஐப்பசி பிறந்தாலே அவளுக்கு உறக்கம் போய்விடும். அவர்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகாமுக்குப் பேர் கொடுப்பதை விட்டுவிட்டாள். போய்ச் சுவரோரம் உட்காருவாள். சில வாரம் உறங்கினாள், சில வாரம் அழுதாள். பங்குனி கடைசியில் ஒருநாள் தன்னை அறியாமலே பாட்டில் ஒரு அடியைச் சேர்ந்து பாடிவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஜெபம் திரும்பி வந்தது கோவிலில் இல்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் இரண்டு ஊர்களுக்கு நடுவே, பருத்தி எடுத்து முடிந்த காட்டு வழியாகத் தனியாக நடந்துகொண்டிருந்தாள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஒரு உடைமர நிழலில் மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், "அவளுக்கு இருட்டுன்னா பயம். உமக்குத் தெரியுமோ என்னமோ. பக்கத்துல யாராவது படுத்துக்கிடணும்" என்றாள்.

காற்று அனலாக அடித்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தாள். அங்கே பதினோரு பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.